பரசுவின் மணிக்கட்டு

எங்கள் நடவுக் கூட்டத்தில் ஒன்பது பெண்கள். ஒன்பது பேரும் சினிமாவுக்குப் போனால் மறுநாள் ஒன்பது பேரும் சேற்றில் தூங்கி விழுவோம் என்பதால், உத்திரமேரூர் டெண்ட் கொட்டாயில் படம் மாறும்போதெல்லாம் ஒருத்தி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்வது என்று ஏற்பாடு. அந்த ஒருத்தி நான்தான், ஞானசுந்தரி. வேறு யாரை அனுப்புவது? ஒருமுறை அம்முலுவை அனுப்பிப் பார்த்தோம். திரும்பி வந்து, "ஒருத்தன் இருந்தான், ஒருத்தி இருந்தா, நடுவுல சண்ட, அப்பால கல்யாணம் ஆயிட்ச்சி" என்று முடித்துவிட்டாள். மூன்று மணி நேரப் படத்தை மூன்று நாற்று ஊன்றுகிற நேரத்தில் சொல்லிவிட்டவளை என்ன செய்வது?

நான் சொன்னால் ஒரு படம் நாலு நாள் வரும். கதை சொல்கிற அன்றைக்கு நான் சேற்றில் இறங்க வேண்டாம். வரப்பில் நின்று நாற்றுமுடியை வீசிக்கொண்டே சொல்வேன். என் பங்கு நடவை மற்ற எட்டுப் பேரும் பகிர்ந்து நட்டுவிடுவார்கள். களத்து மேஸ்திரிக்கும் இதில் வருத்தம் இல்லை. கதை ஓடினால் கையும் ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

என்னிடம் ஒரு குணம் உண்டு. கேள்வி ஒன்று காதில் விழுந்தால் பதில் வாயில் வந்து நிற்கும். 'தெரியாது' என்று சொல்ல நாக்கு வளையாது. படத்தில் பாதியில் காணாமல் போன வேலைக்காரி அப்புறம் என்ன ஆனாள் என்று எவளாவது கேட்பாள். படம் எடுத்தவனுக்கே தெரிந்திருக்காது. நான் சொல்லிவிடுவேன். அந்த வேலைக்காரி வாலாஜாபாத்தில் இட்டிலிக் கடை வைத்து நன்றாக இருக்கிறாள் என்று எங்கள் கூட்டத்தில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. இந்தக் குணம் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதனால் கேட்க வேண்டாம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதம், நவரைப் பட்டத்து நடவு. பனி ஏரியிலிருந்து எழுந்து வயல்மேல் படுத்துக்கொண்டிருக்கும். வரிசையில் கடைசியில் இருக்கிறவளின் தலை தெரியாது, வளையல் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வாரம் கொட்டாயில் ஒரு துப்பறியும் படம் வந்தது. அதில் வில்லன் பெயர் பரசு.

பகலில் பரசு கடிகாரக் கடை வைத்திருப்பான். இருட்டிய பிறகு கொள்ளை. குரலை உயர்த்தவே மாட்டான். ஒருத்தனைக் கொல்லப் போகும்போதுகூட, "கொஞ்சம் இப்படி உட்காருங்க" என்று மரியாதையாகச் சொல்வான். அவனுடைய இரண்டு மணிக்கட்டிலும் கறுப்புத் தோல்பட்டை இருக்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டான், தூங்கும்போதும் கழற்ற மாட்டான். ஒரு நாட்டியக்காரி, "இது எதற்கு?" என்று கேட்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே விளக்கைத் தணித்துவிடுகிறான். கடைசியில் போலீஸ் பிடிக்கும்போது இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டுவதற்காக அந்தப் பட்டையை அவிழ்க்கிறார். அவிழ்த்துப் பார்த்துவிட்டு, விலங்கைத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்கிறார். மணிக்கட்டில் என்ன இருந்தது என்று நமக்குக் காட்டவே மாட்டார்கள். பரசு தானே நடந்து போய் ஜீப்பில் ஏறிக்கொள்வான்.

முதல் நாள் இவ்வளவும் சொன்னேன். கதாநாயகனை ஒருத்தியும் விசாரிக்கவில்லை. அவன் எவ்வளவோ ஓடினான், குதித்தான், பாவம். எல்லோருக்கும் பரசுதான் வேண்டும்.

"கையில இன்னாடி வெச்சிக்கினு கீறான்?" என்றாள் அம்முலு. "சொறியா?"

"சொறிக்கு இன்ஸ்பெக்டர் எரக்கப்படுவானா?" என்று இன்னொருத்தி.

"பேரு பச்ச குத்திக்கினு இருப்பான். எவளோ ஒருத்தி பேரு."

"அதுக்கு ரெண்டு கையும் எதுக்குடி? ரெண்டு பேரா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டாளம்மாள் அக்கா மட்டும் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். "அவன் சின்ன வயசுல எப்பிடி இருந்தான் ஞானம்? பொறக்கும்போதே இப்பிடியா பொறந்தான்? பட்த்துல சொல்லலியா?"

அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. எங்கள் கூட்டத்திலேயே கை வேகம் அவளுக்குத்தான், பேச்சும் அவளுக்குத்தான் கம்மி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு ஒரே தம்பி, முனிரத்தினம். பதினைந்து வயதில் ஊரை விட்டுப் போனவன், பதினெட்டு வருஷமாகத் தகவல் இல்லை. அவன் திரும்பி வந்தால் கதவைத் திறக்க வீட்டில் ஆள் வேண்டும் என்று, பெண் கேட்டு வந்த இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்டது இந்த ஒன்றுதான்.

"சொல்றாங்கக்கா, நாளைக்கு அது வருது" என்றேன்.

வருகிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுவில் நான் தூங்கிப்போய்விட்டேன்.

விடியற்காலையிலிருந்து குனிந்து நட்டவள், தரை டிக்கெட்டில் மணல்மேல் உட்கார்ந்தால் வேறென்ன செய்வாள்? மணல் வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டாயில் ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்ற நாலு முறை விளக்கு போடுவார்கள். இரண்டாவது விளக்கு அணைந்ததும் பரசு ஒரு பெரிய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். டிக், டிக் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. மெள்ள மெள்ள அது நாற்றைப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசுகிற சத்தமாக மாறிவிட்டது. திரையில் பனி இறங்கியது. பரசு கோட்டைக் கழற்றி மாட்டினான், மாட்டிய இடம் புளியமரத்துக் கிளை. கோட்டுக்குள்ளே இருந்து வந்த ஆள் சின்னவனாக இருந்தான். கீழே வைக்கோல், தூற்றுகிற முறம், பறக்கிற தூசி எல்லாம் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. யாரும் பேசவில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. எனக்குப் பயமாகவும் இல்லை, சுகமாகவும் இல்லை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ரொம்பச் சின்னவளாக, கவுன் போட்டுக்கொண்டு. பிறகு மூன்றாவது விளக்கு போட்டார்கள், முறுக்கு விற்கிறவன் காலை மிதித்துவிட்டுப் போனான். முழித்துக்கொண்டேன். எது படம், எது கனவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கன்னத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு மிச்சத்தைப் பார்த்தேன்.

மறுநாள் பனியில் வரப்பில் நின்று ஆரம்பித்தேன்.

"சின்ன வயசுல பரசு ஒரு களத்துல வேல செஞ்சிக்கினு இருந்தான். அம்மா இல்ல, அப்பன் இல்ல. ஒரே ஒரு அக்கா. அக்காவுக்குக் காய்ச்சல். அறுப்பு நேரம், களத்துல நெல்லு மல மாதிரி கொட்டிக் கீது. இவன் ரெண்டு கை நெல்ல தலப்பாவுல முடிஞ்சிக்கினான்."

"அய்யோ" என்றாள் அம்முலு.

"களத்து ஆளுக்கு எப்பிடியோ மூக்குல வேர்த்துட்ச்சி. 'எவன்டா எடுத்தது'ன்னு கேக்கறான். ஒருத்தரும் வாய் தொறக்கல. அங்க சிந்தின நெல்லப் பொறுக்கிக்கினு ஒரு சின்னப் பொண்ணு நின்னுக்கினு இருந்தது. அத்தக் கேட்டான். அது உடனே கைய நீட்டி..."

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் நீட்டிய கை என் முன்னாலேயே நீண்டிருந்தது. இது படம் இல்லை. இது முனிரத்தினம். அந்தச் சின்னப் பெண் நான்.

ஒன்பது வயது எனக்கு. கேள்வி கேட்டார்கள், எனக்குப் பதில் தெரிந்திருந்தது. யாருக்குமே தெரியாத பதில் எனக்கு மட்டும் தெரியும் என்கிற பெருமையில் சொன்னேன். அடிப்பார்கள், கட்டுவார்கள் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. சபாஷ் என்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தர்கூட சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் களத்துப் பக்கம் நான் போனதில்லை, நினைத்ததும் இல்லை. மறந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

"கைய நீட்டி? சொல்லுடி, நாத்து காயுது" என்றார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தலைவலி என்று சொல்லியிருக்கலாம், காலில் அட்டை என்று கத்தியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் நிற்கவில்லை.

"கவல எறைக்கிற வடக்கயித்த எடுத்தாந்து புளியமரத்துல சேத்துக் கட்டிட்டாங்க. ரெண்டு கையும் பின்னால. வடத்துல தண்ணி ஊத்துனாங்க, எறுகணும்னு. காலையிலேந்து பொழுது போற வரைக்கும் அப்பிடியே. அடி வேற. எல்லாரும் போனப்புறம் காய்ச்சலோட அக்காக்காரி தடுக்கி வுழுந்து வந்தா. ஈர முடிச்சி, கையால அவுக்க முடியல. பல்லால கடிச்சி அவுத்தா. அவுக்கும்போது தோலும் வடத்தோட வந்துட்ச்சி."

வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். பனியில் யாரென்று முதலில் தெரியவில்லை. கையில் நாற்று இருந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பல்லாலயா?" என்றாள் ஆண்டாளம்மாள் அக்கா.

நான் குனிந்து அடுத்த நாற்றுமுடியை எடுத்தேன்.

"பட்த்துல அப்பிடியா வருது? பல்லால அவுக்குறா மாதிரி?"

"ஆமாங்க்கா" என்றேன். கேள்வி கேட்டாளே!

அக்கா சேற்றைவிட்டு வெளியே வந்தாள். வரப்பில் என் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "கட்ட அவுக்கும்போது அங்க யாரும் இல்லடி. நானும் அவனும்தான். நான் இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் சொன்னது கெடையாது. எங்க சித்திக்குக் கூட தெரியாது. அப்ப படக்காரனுக்கு யாரு சொன்னது?"

எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"முனிதான் சொல்லிக்கீறான். வேற யாரு சொல்வா? பட்டணத்துல கீறான் எந்தம்பி. உசுரோட கீறான்!"

சொல்லிவிட்டு அப்படியே வரப்பில் குந்தி, சேற்றுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. மற்ற ஏழு பேரும் கரையேறி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் நாற்றுமுடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அங்கே வைக்கோல் போருக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருத்தி ஒளிந்திருந்தாள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தன் வாய் வார்த்தையால் நடந்ததைப் பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தவள் அவள். சொல்ல வரவில்லை.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து பரசு மறைந்துபோனான். முனிரத்தினம் வளர ஆரம்பித்தான். பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து நடுவார்கள் அல்லவா, ஒவ்வொரு எட்டுக்கும் அவனுக்கு ஒரு வயது ஏறியது.

"பட்டணத்துக்கு எப்பிடிப் போயிருப்பான்?"

"செங்கல்பட்டு வரைக்கும் நடந்து, அப்பால ரயிலு. டிக்கெட்டு எதுக்கு, சின்னப் பையன்."

"படக்காரங்களுக்கு சோறு ஆக்கிப் போட்டுக்கினு இருப்பான் யக்கா. அப்பிடித்தான் கதைய சொல்லிக்கீறான். துன்னும்போது பேசறதுதான?"

"சமையக்காரனா? போடி. கார் ஓட்டுறான்" என்றாள் அம்முலு. அவள் வீட்டுக்காரன் பச்சமுத்து மாட்டு வண்டி ஓட்டுகிறவன், அதனால் கார் ஓட்டுகிறவர்கள்மேல் அவளுக்குத் தனி மதிப்பு. "ஓட்டும்போது பின்னால குந்திக்கினு இருக்கிற மொதலாளி கேப்பாரு, 'இன்னாப்பா கையில தழும்பு'ன்னு."

அக்கா சிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. "கல்யாணம் ஆயிருக்கும் இல்ல? பொண்ணு பொறந்திருந்தா எங்கம்மா பேரத்தான் வெச்சிருப்பான்."

"பின்ன? வேற இன்னா பேரு வெப்பான்?"

பொழுது சாய்வதற்குள் வயல் முழுக்கப் பச்சையாகிவிட்டது. முனிக்கு சைதாப்பேட்டையில் ஓட்டு வீடு, வாசலில் முருங்கை, இரண்டு பெண் குழந்தைகள், சின்னதுக்கு முன்பல் இல்லை. ஏரித் தண்ணீரில் வெயில் மஞ்சளாகப் படுத்திருந்தது. கொட்டாயில் முதல் ஆட்டத்துக்கு முன்னால் போடுகிற சாமி பாட்டு தண்ணீர்மேல் மிதந்து வந்தது. அந்த நேரத்தில் எனக்குமே அந்த முருங்கை மரம் கண்ணுக்குத் தெரிந்தது. நிஜமாகவே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். வெட்கம்கெட்ட ஆசை.

மறுநாளும் அதே பேச்சு. அவர்களாகக் கதை கட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை, நடுநடுவே என்னைக் கேட்டார்கள். படத்தில் அவன் என்ன நிறம்? மாநிறம். பேச்சு எப்படி? மெதுவாகத்தான். பட்டையைத் தடவிப் பார்த்துக்கொள்வானா? தடவுவான். ஒன்று கேட்க ஒன்று சொன்னேன். சாயங்காலம் வாய்க்காலில் கை கால் கழுவும்போது அக்கா மட்டும் தனியாக இருந்தாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"யக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள், பூ வேறு. "பட்டணத்துல எந்தப் பக்கண்டி படம் புடிக்கிறாங்க?"

"கோடம்பாக்கம்" என்றேன்.

"திங்கக்கெழம மொத பஸ்ஸுக்குப் போறேன். ஆட்ட வித்துட்டேன். வாசல்ல நின்னு எல்லாரையும் கேப்பேன், 'இந்தக் கதைய உங்களுக்கு சொன்ன ஆளு எங்க கீறான்'னு. ஒருத்தனாவது சொல்ல மாட்டானா?" என் தோளைப் பிடித்தாள், ஈரக் கை. "அதுக்கு முன்ன என் கண்ணால ஒரு தபா பாத்துடணும். நாளைக்குக் கடேசி நாளாம். நீ கூட வா. எனக்கு அந்த இருட்டுல குந்தறதுன்னா பயம். நான் ஒரு படங்கூட பாத்தது இல்ல."

என்ன சொல்ல வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? என்னைக் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். அக்கா துவைத்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பெண்கள் பக்கம் முன்னால் போய், திரைக்குப் பத்து முழம் தள்ளி உட்கார்ந்தோம். மணலை என்ன நினைத்தாளோ, இரண்டு கையாலும் நிரவிவிட்டு, கோயிலில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தாள். விளக்கு அணைந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

பரசு வந்தான். "இவனா?" என்றாள். ஆமாம் என்றேன். கதாநாயகி பாடினாள், ஓடினாள். அக்கா எதையும் பார்க்கவில்லை. மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இருந்து வந்த வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி ஏறி இறங்கியது. இரண்டாவது விளக்கு அணைந்தது.

"இப்ப வருமா?"

"பாருக்கா."

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தான். டிக், டிக். நான் கண்ணை இமைக்காமல் இருந்தேன். கடவுளே, தூங்கிப்போன நேரத்தில் உண்மையிலேயே ஏதாவது ஒன்று வந்திருக்கட்டும் என்று வேண்டினேன். ஒரு மரம் வந்தால் போதும், ஒரு கயிறு வந்தால் போதும், எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வேன். பரசு சாவி கொடுத்து முடித்தான். கதாநாயகனின் தங்கை கடைக்கு வந்தாள். ஒரு வைர மாலை காணாமல் போனது. நகைச்சுவைக்காரன் ஒருவன் துப்பறிகிறேன் என்று கிணற்றில் விழுந்தான், கொட்டாயே சிரித்தது. விளக்கு போட்டுவிட்டார்கள்.

நான் தூங்கிய நேரத்தில் வந்தது அவ்வளவுதான். மரமும் இல்லை, களமும் இல்லை. பரசுவுக்குச் சின்ன வயது என்று ஒன்றே இல்லை.

"இனிமே வரும்" என்றாள் அக்கா, எனக்குச் சமாதானம் சொல்கிறவள் மாதிரி.

கடைசியில் இன்ஸ்பெக்டர் பட்டையை அவிழ்த்தார். அக்கா முட்டிபோட்டு எழுந்தாள். பின்னால் இருந்தவர்கள், "குந்தும்மா, மறைக்குது" என்று கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் பார்த்தார், விலங்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஜீப் போனது. 'வணக்கம்' என்று எழுத்து வந்தது. ஜனங்கள் மணலை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அக்கா எழவில்லை.

மிஷின் ஓட்டுகிற கிருஷ்ணசாமி வெளியே பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். "ஐயா, ஒரு ரீலு வுட்டுட்டீங்களா?"

"எல்லாம் ஓடிட்ச்சிம்மா. ஒண்ணு வுடாம போட்டேன்."

"புளியமரம் ஒண்ணு வருமே? ஒரு பையன கட்டி வெப்பாங்களே?"

"இந்தப் பட்த்துலயா? அப்பிடி ஒண்ணும் கெடையாதே. பத்து தபா ஓட்டிட்டேன்." அவர் புகையை விட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, குழப்பம்தான். "ரெண்டாவது ஆட்டத்துல போடுவாங்களோ? இருந்து பாக்கலாமா ஞானம்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"யக்கா, அது பட்த்துல இல்ல. நான் தூங்கிட்டேன். தூக்கத்துல கனா கண்டேன். அத்தத்தான் படம்னு சொன்னேன்."

"கனாவா?" என்றாள். "பல்லால அவுத்தது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்தேன். வைக்கப்போருக்குப் பின்னால குந்திக்கினு இருந்தேன், பொழுது முச்சூடும். அவன் எடுத்தான்னு கைய நீட்டிக் காட்டுனது நான்தாங்க்கா. என்னக் கேட்டாங்க, சொல்லிட்டேன். உந்தம்பிய ஊர வுட்டே ஓட்டுனது நான்தான்."

சொல்லிவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன். முடியைப் பிடித்து இழுத்து அந்த மணலில் போட்டு மிதித்தாலும் வாங்கிக்கொள்வேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் முந்தானையைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"உனுக்கு அப்ப ஒம்போது வயசு" என்றாள். கணக்குச் சரிபார்க்கிற குரல். "கேட்டா கொழந்த சொல்லத்தான் செய்யும். அத்த வுடு."

"யக்கா..."

"அத்த வுடுன்றேன் இல்ல." மணலைக் கையால் ஒருமுறை நிரவினாள். "அப்ப படக்காரங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"இல்லக்கா."

"முனி சொல்லலியா?"

"இல்ல."

"அவன் பட்டணத்துல இல்லியா?"

"தெரியலக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சைதாப்பேட்டையில் ஓட்டு வீடு இடிந்தது எனக்குக் கேட்டது. முன்பல் இல்லாத அந்தச் சின்னப் பெண்ணை எங்கே கொண்டுபோய் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு ஜனங்கள் உள்ளே வந்து எங்களைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். வெற்றிலை பாக்கு மடிக்கிறார்கள், குழந்தைகளைப் படுக்க வைக்கிறார்கள், சிரிக்கிறார்கள். வெள்ளைத் திரை காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்ட அவுத்து வூட்டுக்கு இட்டாந்ததும் 'கஞ்சி வெச்சிக் குடுக்கறேன், குந்துடா'ன்னேன். அடுப்பப் பத்த வெச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், ஆளு இல்ல. எந்தப் பக்கம் போனான்னு கூட எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்கனாவுல அவன் எங்க போனான்?"

"பாக்கலக்கா. லைட்டு போட்டுட்டாங்க. முறுக்கு விக்கிறவன் கால மிதிச்சிட்டான். முழிச்சிக்கினேன்."

ஆண்டாளம்மாள் அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்கிக்கினு இருந்திருக்கக் கூடாதாடி" என்றாள்.